திரைக்குள் ஒரு தலை

விமானம் ஓட்டிச் சம்பாதிக்கிற மனிதர் வீட்டிலும் உட்கார்ந்து விமானம்தான் ஓட்டுவேன் என்றால் கட்டிக்கொண்டவள் என்ன செய்ய முடியும்? ஹமிசா அதைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள். மற்ற பெண்களின் கணவர்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார்கள். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு வாசலெல்லாம் எண்ணெயாக்குகிறார்கள். ஷர்க்காவிக்கு வரவேற்பறை மூலையில் ஒரு மேசை, ஒரு பெரிய திரை, விமானத்தில் இருப்பது போலவே ஒரு கைப்பிடி, அவ்வளவு போதும். மீரி நகரிலிருந்து மலைக்கிராமங்களுக்குப் போய்வரும் சின்ன விமானங்களில் அவர் கேப்டன். காலையில் நிஜ மலை, மாலையில் திரை மலை.

அன்று அவருக்குக் காத்திருப்பு நாள். வேறு கேப்டன் யாராவது காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் அலுவலகத்திலிருந்து போன் வரும், உடனே கிளம்ப வேண்டும். வராவிட்டாலும் வீட்டை விட்டு நகரக் கூடாது. தோளில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை தேய்த்து, கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. போன் மேசை மேல் மல்லாந்து கிடந்தது. இந்த மாதிரி நாட்களில் அவரால் சும்மா இருக்க முடியாது, எதையாவது நோண்ட வேண்டும். நோண்டுவதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து ஒரு பொட்டலம் வந்திருந்தது. பிரித்தால் உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி.

"இது என்ன அபாங்?" என்றாள் ஹமிசா. கணவரை அவள் கூப்பிடுவது அப்படித்தான். சமையலறை வாசலில் நின்று மீனை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு உமாய். பச்சை மீன், எலுமிச்சை, வெங்காயம், மிளகாய். அடுப்பே வேண்டாம்.

"சென்சார். நம்ம தலை எந்தப் பக்கம் திரும்புதோ திரையும் அந்தப் பக்கம் திரும்பும். இவ்ளோ நாளா எடது பக்கம் பாக்கணும்னா பொத்தான் அமுக்கிட்டு இருந்தேன். நெஜ விமானத்துல பொத்தானா அமுக்குறோம்?"

"கழுத்தத் திருப்புறதுக்கு ஒரு மெஷினா? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே திருப்பிவிட்டிருப்பேன்."

"சிரிக்காத மிசா. அடுத்த மாசம் கம்பெனிப் பரீட்சை. மலை ஓடுதளத்தச் சுத்தி வந்து எறங்கிக் காட்டணும். வளையும்போது கண்ணு ஓடுதளத்த விடவே கூடாது. விட்டா மலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கடைசி வார்த்தையில் சிரிப்பு இல்லை. அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கருவியைத் திரையின் உச்சியில் உட்கார வைத்தார். காதில் மாட்டும் ஹெட்செட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கம்பியைக் கவ்வவிட்டார். அதில் மூன்று குட்டி விளக்குகள். மனிதக் கண்ணுக்கு அவை எரிவதே தெரியாது, கருவிக்கு மட்டும்தான் தெரியுமாம். விளக்குகள் எப்படி நகர்கின்றன என்று பார்த்துத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அது கண்டுபிடித்துவிடும். கணினியில் எதையோ திறந்தார். திரையின் ஓரத்தில் முடியில்லாத, கண்ணில்லாத ஒரு வெள்ளைத் தலை வந்து நின்றது. ஷர்க்காவி இடது பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பியது. குனிந்தால் குனிந்தது.

"யாரு இந்த மொட்டை?"

"நான்தான்."

"பரவால்ல, அபாங்கவிட லட்சணமா இருக்கான்."

கண்ணை மட்டும் அதற்கு வைக்காமல் விட்டிருந்தார்கள். மற்றபடி கணவர் மூச்சு விட்டால்கூட அதுவும் லேசாக ஏறி இறங்கியது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. மீன் ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்று பார்த்தாள்.

ஷர்க்காவி விளக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். தலையை முழுக்கத் திருப்பினால் திரையே கண்ணை விட்டுப் போய்விடும். அதனால் கருவி எல்லாவற்றையும் பெருக்கிக் காட்டும், விரலளவு அசைவை முழ அளவாக்கும். தொடங்கும்போது நேராக உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அந்த நேரத்தில் தலை எப்படி இருக்கிறதோ அதையே அது நேர் என்று வைத்துக்கொள்ளும். கோணலாக உட்கார்ந்து அமுக்கினாலும் ஏன் என்று கேட்காது.

அவர் நேராக உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கினார். விமானத்தைத் திரையில் கிளப்பினார். மேகம், பச்சைக் காடு, தூரத்தில் மலை. எல்லாம் சரியாக வந்தது, ஆனால் நிற்கவில்லை. மலை இடதும் வலதுமாக நடுங்கியது. பெரிய நடுக்கம் இல்லை, ஓடுகிற லாரிக்குள் இருந்து பார்ப்பது போல ஒரு அதிர்வு. ஓரத்தில் வெள்ளைத் தலையும் அப்படியே அதிர்ந்தது. இடம், வலம், இடம், வலம்.

"என்னடா இது," என்று பொத்தானை மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதிர்ந்தது.

ஜிம்புனைக் கூப்பிட்டார். கடல் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை செய்கிற இபான் இனத்துப் பையன், கரைக்கு வருகிற மாதங்களில் வீட்டில் திரை விமானம் ஓட்டுவான். இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. நிஜ விமானத்தில் ஜன்னலோர இடம்கூடக் கேட்டு வாங்கத் தெரியாதவர்கள், திரையில் மட்டும் எதையும் இறக்கிவிடுவார்கள். ஷர்க்காவி போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"வெளிச்சம் கேப்டன், வெளிச்சம்," என்றான் ஜிம்புன். "ரூம்ல பளபளன்னு எதாச்சும் இருக்கும். கருவி அதையும் வெளக்குன்னு நெனச்சுக் கொழம்புது. மொதல்ல ஜன்னல மூடுங்க. அப்புறம் கண்ணாடி, சில்வர், எல்லாத்தையும் தூக்குங்க. எல்லாருக்கும் இதான் நடக்குது. எங்க வீட்ல அம்மாவோட மீன்தொட்டியையே காலி பண்ணவேண்டியதாப் போச்சு."

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"இன்னும் பேசல கேப்டன்."

திரைச்சீலையை இழுத்து மூடியதும் பட்டப்பகலில் வீடு இருண்டுபோனது. வெளியே மழை கட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் தொடங்கியது வேட்டை. ஹாரி ராயாப் பெருநாளுக்கு வந்த கேக் டப்பாக்கள் போயின. பூப்பந்தாட்டக் கோப்பை போனது. தட்டுகளும் கோப்பைகளும் அடுக்கிய கண்ணாடி அலமாரி மேல் ஒரு படுக்கை விரிப்பு விழுந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி சோபாவில் கவிழ்த்தார். ஒவ்வொன்றையும் எடுத்த பிறகு போய் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவார், திரையைப் பார்ப்பார், இன்னொன்றைத் தேடுவார்.

"வீட்ட வித்துட்டுப் போற மாதிரி இருக்கு," என்றாள் ஹமிசா. "அடுத்தது என் வளையலா?"

"கழட்டிக் குடு," என்றார்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வளையலைக் கழற்றி சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள். மனிதர் ஒரு பொம்மைக்கு இவ்வளவு பாடுபடுவானேன் என்று முதல் முறையாக அவளுக்கு ஏதோ உறுத்தியது.

கடைசியில் மிச்சம் இருந்தது நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த படம். ஷர்க்காவியின் அப்பா டிராமான், ராஜாங் ஆற்றில் விரைவுப் படகு ஓட்டிய காலத்துப் படம். சிபுவிலிருந்து காப்பிட் வரைக்கும் அந்த ஆற்றை அவர் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் இந்த வீட்டில்தான் கிடந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் ஹமிசா. தலை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும், வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி. வாய் மட்டும் கரண்டிக்காகத் திறக்கும். தாத்தாவுக்கு எதுவுமே பிடிக்காது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதையும் எறக்கிரு மிசா. கண்ணாடி மின்னுது."

ஸ்டூல் மேல் ஏறிப் படத்தை எடுத்தாள். தூசியை ஊதினாள். எத்தனையோ தடவை துடைத்த படம்தான். படகின் சக்கரத்துக்கு முன்னால் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை சக்கரத்தில். இன்னொரு கையின் முஷ்டி தாடைக்கு அடியில். ஏதோ யோசிக்கிற ராஜா மாதிரி இருக்கிறார் என்று குடும்பமே சொல்லும். எப்போது பார்த்தாலும் அவர் அப்படித்தான் இருப்பார்.

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். கணவர் குறிப்புத்தாளை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள் தாடையில். தலையில் ஹெட்செட் அப்படியே இருந்தது. திரையில் மலை அசையாமல் நின்றது. வெள்ளைத் தலை கல் மாதிரி இருந்தது.

"ஆ, நின்னுருச்சு பாத்தியா," என்று அவர் நிமிர்ந்தார். "அந்தப் படம்தான் காரணம்." விரல்களை எடுத்துக் கைப்பிடியைப் பற்றினார். மலை நடுங்கத் தொடங்கியது.

ஹமிசா படத்தையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்போதிலிருந்து இந்த மனிதர் இப்படித் தாடையைத் தொட்டுக்கொண்டு உட்காருகிறார் என்று யோசித்தாள். சாப்பிடும்போது இடது கை தாடையில். தொலைக்காட்சி பார்க்கும்போதும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படத்திலும் அப்படித்தான். வயசாகிறது, யோசனை கூடுகிறது என்று விட்டிருந்தாள். கண்ணுக்கு முன்னாலேயே இருந்ததைக் கண் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் தூக்கியாச்சு ஜிம்புன். இன்னும் ஆடுது," என்று அவர் மறுபடி போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப கருவியே கெட்டதா இருக்கும். வேற யார் தலையிலயாச்சும் மாட்டிப் பாருங்க கேப்டன். அதுலயும் ஆடுனா திருப்பி அனுப்பிரலாம்."

"அதெல்லாம் வேணாம்."

"எங்கிட்ட குடுங்க," என்றாள் ஹமிசா.

"நீ எதுக்கு? மீன் வேலையப் பாரு."

"குடுங்க அபாங்."

அவர் கொடுக்கவில்லை. அவளே எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள். மலை நின்றது. காடு நின்றது. பக்கத்தில் வெள்ளைத் தலை அவளைப் போலவே நேராக, மூச்சுக்கு மட்டும் அசைந்துகொண்டு இருந்தது. மழை கூரைத் தகரத்தில் விழ ஆரம்பித்த சத்தம் கேட்டது. அவள் மெல்ல இடது பக்கம் திரும்பினாள். மேகத்துக்குக் கீழே ஓடுதளம் ஒரு நூல் மாதிரி தெரிந்தது, துல்லியமாக. அது ஆடியிருக்கக் கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"என்னாச்சு கேப்டன்? ஆடுதா?"

ஷர்க்காவி திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். "அவ தள்ளி உக்காந்திருக்கா," என்றார். "அதனால இருக்கும்."

"சரி விடுங்க. செட்டிங்ல மழமழப்புன்னு ஒரு கோடு இருக்கவே இருக்கு. அத வலது பக்கம் இழுத்துவிடுங்க. சின்னச் சின்ன அசைவையெல்லாம் அதுவே தேய்ச்சு அழிச்சிரும். நாங்க எல்லாரும் அதான் பண்றோம். எது ஆடுனாலும் மொதல்ல அத ஏத்து, அப்புறம் காரணம் தேடு." அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அந்தக் கூட்டத்தின் வைத்தியம் அதுதான். படம் ஆடுகிறதா, ஆட்டத்தை மறைத்துவிடு. மறைத்த பிறகு காரணத்தைத் தேடியவன் ஒருவன்கூட இல்லை. ஷர்க்காவி ஹெட்செட்டை வாங்கி மாட்டி, மறுபடி உட்கார்ந்து கோட்டை வலது ஓரம்வரை இழுத்தார். மலை நின்றது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குத்தான் தாங்கவில்லை.

"பாத்தியா? செட்டிங்தான் தப்பு."

ஓடுதளத்தைச் சுற்றி வளைந்தார். இடது கை கைப்பிடியில், வலது கை வேகக் கம்பியில். தாடைக்கு இப்போது கை இல்லை. இடது பக்கம் திரும்பினார். அவர் தலை திரும்பிவிட்டது, படம் திரும்பவில்லை. தேய்த்து அழிக்கிற வேலையில் கருவி பின்தங்கிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் திரும்புகிறவன் மாதிரி மெல்ல மெல்லத் திரும்பியது. ஓடுதளம் வரவேண்டிய இடத்தில் காட்டு மரம் வந்தது. பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். தலை கோணலாக இருந்தபோதே அமுக்கினார், இதுதான் நேர், இதுதான் நேர் என்று அதற்குச் சொல்லிக்கொண்டே. திரை முழுக்கப் பச்சையாகி, அப்புறம் கறுப்பானது.

வெள்ளைத் தலை மட்டும் ஓரத்தில் மிஞ்சியது. அதுவும் அசையவில்லை.

ஹமிசா படத்தை மேசை மேல், அவருக்கு முன்னால் வைத்தாள். அப்புறம் அந்தக் கோட்டை மவுஸால் பிடித்து, எங்கிருந்து இழுத்தாரோ அங்கேயே கொண்டுபோய் விட்டாள். வெள்ளைத் தலை ஆடத் தொடங்கியது.

"தாடையத் தொடுங்க."

"மிசா..."

"தொடுங்க அபாங்."

தொட்டார். நின்றது.

"எடுங்க."

எடுத்தார். ஆடியது. அவர் அப்பாவின் படத்தைப் பார்க்காமல், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன ராயாலேர்ந்து." குரல் தாழ்ந்திருந்தது. "ஷேவ் பண்ணும்போது. கண்ணாடிதான் ஆடுதுன்னு நெனச்சேன். ஆணிய முறுக்கி வச்சேன்."

"போன தடவ கம்பெனி டாக்டர் பாத்தாரே."

"பாத்தாரு. நான் கைய இப்பிடி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். பெரிய யோசனக்காரர்னு சிரிச்சாரு. ஓட்டலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு." தாடைக்குப் போன கையைக் கீழே இறக்கினார். "எவ்ளோ ஆடுதுன்னு எனக்கே தெரியல மிசா. வெளிய பாத்தாத் தெரியாது. அதுக்குத்தான் இத வாங்குனேன். பரீட்சைக்கு இல்ல. கருவி ஆடலன்னு சொல்லிருச்சுன்னா விட்டுரலாம்னு பாத்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. எள்ளும் கொள்ளும் வெடிக்கிற கோபம். எத்தனை மாதம், எத்தனை விமானம், ஒவ்வொன்றிலும் மலைக்கிராமத்துக் கிழவிகள், மடியில் குழந்தை வைத்த பெண்கள். இவர் ஒரு கறுப்புப் பெட்டி நல்ல வார்த்தை சொல்லும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கை ஆடல. கண்ணு நல்லா இருக்கு," என்று அவர் அவசரமாகச் சொன்னார். "தலை மட்டும்தான். பக்கத்துல இன்னொரு விமானி இருக்கான். இத விட்டா எனக்கு என்ன தெரியும், சொல்லு? நான் யாரு?"

"மாமா படகுலயும் பக்கத்துல ஆள் இருந்தான். அப்படியும் மரத்துல மோதுச்சு."

"அது தண்ணிக்கடியில கெடந்த மரம்."

சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் தேய்ந்து போயிருந்தன. குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மாமனாரும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். மரம் தண்ணிக்கடியில் கிடந்தது, யாராலும் பார்த்திருக்க முடியாது. அந்தப் பயணத்தில் போன இரண்டு பேர் வீடு திரும்பவில்லை.  மழை வலுத்தது.

"அடியில கெடக்கல," என்றார் ஷர்க்காவி. "மெதந்துச்சு. நான் படகுக் கூரை மேல உக்காந்திருந்தேன். தூரத்துலேர்ந்தே பாத்தேன். இவ்ளோ பெரிய மரம், வெட்டவெளியில. அப்பாவும் பாத்துட்டாருன்னு நெனச்சேன். அந்த எடத்துல வளைவு. ரெண்டு கையும் சக்கரத்துல இருந்துச்சு."

அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இறங்கும்போது விமானிக்கும் இரண்டு கையும் வேலையில் இருக்கும். இதை அவள் சொல்லத் தேவையில்லை, அவருக்கே தெரியும். இவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

போன் அடித்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். போன் திரையில் அலுவலகத்தின் எண். கதவுக் கொக்கியில் சட்டை காற்றுக்கு லேசாக ஆடியது. அவர் ஒலிபெருக்கியை அமுக்கினார். அமுக்கிய கை நேராகத் தாடைக்குப் போனது. வெள்ளைத் தலை நின்றது.

"கேப்டன் ஷர்க்காவி? மத்தியானம் மலைக்குப் போற விமானம். கேப்டன் லாவாய்க்கு ஒடம்பு முடியல." ஒரு பெண் குரல், ஏதோ மென்றுகொண்டே பேசியது. "ஆளு ஃபுல்லா இருக்கு. பிரசவம் முடிஞ்ச பொண்ணு ஒண்ணு வேற ஊருக்குத் திரும்பிப் போகுது, கைக்கொழந்தையோட. மழை விட்டதும் கெளம்பணும். வண்டி அனுப்பட்டுமா?"

"மழை விட்டுருமா?" என்றார் ஷர்க்காவி. குரலில் எந்த ஆட்டமும் இல்லை. இத்தனை வருடமாக இதே குரலில்தான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"மலைப் பக்கம் வெளுத்திருச்சாம். கேப்டனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?"

ஹமிசா குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டும்போது தட்டைத் தட்டிவிடாமல் இப்படித்தான் கையைப் பிடித்துக்கொள்வாள். இழுக்கவில்லை. பிடித்து, மெல்லத் தாடையிலிருந்து கீழே இறக்கினாள். அவர் தடுக்கவில்லை. திரையில் கண்ணில்லாத அந்த வெள்ளைத் தலை ஆடத் தொடங்கியது. இடம், வலம், இடம், வலம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன்? கேக்குதா? வண்டி அனுப்பட்டுமா?"

"வேணாம்," என்றார் ஷர்க்காவி.

"இன்னைக்கு முடியாதா கேப்டன்?"

"இன்னைக்கு மட்டும் இல்ல. டாக்டருக்குச் சொல்லிருங்க, என் தலை ஆடுது. எங்கப்பாவுக்கு ஆடுன மாதிரியே ஆடுது."

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது.  வேறு கேப்டனைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஷர்க்காவியின் கை பழக்கத்தில் மறுபடி மேலே கிளம்பியது. பாதி வழியில் நின்று, மடியில் விழுந்தது.